கால் இழந்தவர்களை நடக்க வைத்த நாவிதர்

1537-ம் ஆண்டு. பிரெஞ்சுப் பட்டாளம் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இத்தாலிக்குள் புகுந்திருந்தது. டூரின் நகரத்துப் பக்கம் பெரும் சண்டை.

பட்டாளத்துடன் வந்த ஓர் இளம் ரண வைத்தியர், தம் குதிரையைக் கட்ட இடம் தேடி ஒரு லாயத்துக்குள் நுழைந்தார். உள்ளே நாலு சிப்பாய்கள் செத்துக் கிடந்தார்கள். இன்னும் மூன்று பேர் சுவரில் சாய்ந்து கிடந்தார்கள். வெடிமருந்தில் வெந்து, அவர்கள் முகமே அடையாளம் தெரியாமல் போயிருந்தது. கண் தெரியவில்லை. காது கேட்கவில்லை. பேச்சும் இல்லை. உடம்பில் ஒட்டிய துணி இன்னும் புகைந்து கொண்டிருந்தது.

ஒரு கிழச் சிப்பாய் உள்ளே வந்தான். இவர்களைப் பிழைக்க வைக்க முடியுமா என்று வைத்தியரைக் கேட்டான். முடியாது என்றார் அவர். கிழவன் மூவரிடமும் போனான். கோபம் இல்லை, பதற்றம் இல்லை. மெதுவாக ஒவ்வொருவர் கழுத்தையும் அறுத்தான்.

வைத்தியர் பதறிப்போய் அவனைத் திட்டித் தீர்த்தார். தனக்கு இந்தக் கதி வந்தால், தனக்கும் யாராவது இப்படிச் செய்ய வேண்டும் என்றுதான் கடவுளை வேண்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுக் கிழவன் போய்விட்டான்.

அந்த இளம் வைத்தியரின் பெயர் ஆம்புருவாஸ் பாரே. அப்போது அவருக்கு வயது சுமார் 27. யுத்தத்துக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை.

படுகாயம் பட்ட சிப்பாய்க்கு அந்தக் காலத்தில் கிடைத்த பெரிய தயவு அந்தக் கத்திதான். பாரே அதன் பிறகு 50 வருஷங்களுக்கு மேல் வாழ்ந்தார். காயம் பட்டவன் சாகாமல் பிழைக்க வேண்டும். பிழைத்தவன் எழுந்து நடக்க வேண்டும். இந்த இரண்டு காரியங்களிலேயே அவருடைய ஆயுள் கழிந்தது.

சவரக் கத்தி

பாரே பிரான்சு நாட்டில் லவால் என்ற ஊருக்குப் பக்கத்தில், 1510-ம் ஆண்டு வாக்கில் பிறந்தவர். ஏழைக் குடும்பம். லத்தீன் மொழி படிக்க வசதி இல்லை. ஆகவே நாவிதர் ஒருவரிடம் தொழில் பழகினார்.

நாவிதருக்கும் வைத்தியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நம் நாட்டில் நாவிதரை மருத்துவர் என்று அழைத்த வழக்கம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். கட்டி அறுப்பதும், ரணத்துக்குக் கட்டுப் போடுவதும் அவர்கள் கை வேலை. பிரசவம் பார்க்க அந்த வீட்டு அம்மாதான் வருவார். ஐரோப்பாவிலும் ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது.

அங்கே வைத்தியத்தில் மூன்று படிகள் உண்டு. எல்லாருக்கும் மேலே, லத்தீன் படித்த டாக்டர்கள். இவர்கள் நாடி பார்ப்பார்கள், மருந்து எழுதுவார்கள். ரத்தத்தில் கை வைப்பது கௌரவக் குறைவு! அவர்களுக்குக் கீழே, நீண்ட அங்கி போட்ட ரண வைத்தியர்கள். இவர்களுக்குச் செயின்ட் கோம் என்ற பெயரில் தனிச் சங்கம் இருந்தது. எல்லாருக்கும் கீழே நாவித வைத்தியர்கள். சவரம் செய்கிற கையே சீழையும் எடுக்கும்.

பாரே பாரிசுக்கு வந்து, ஓட்டல் தியே என்ற பெரிய தரும ஆஸ்பத்திரியில் சுமார் மூன்று வருஷம் வேலை பார்த்தார். அங்கே பார்க்காத வியாதி இல்லை. ஒரு வருஷம் குளிர் தாங்காமல், படுக்கையில் கிடந்த நோயாளிகளின் மூக்கு நுனியே செத்துப்போயிற்று. அதை வெட்டி எடுத்தவரும் பாரேதான். புத்தகத்தில் படிக்காததை அந்தப் படுக்கைகளின் ஓரத்தில் படித்துக்கொண்டு, யுத்தத்துக்குப் புறப்பட்டார்.

எண்ணெய் தீர்ந்தது

துப்பாக்கிக் குண்டு பட்ட காயத்தில் விஷம் இருக்கிறது என்று அப்போது எல்லாரும் நம்பினார்கள். பெரிய பெரிய புத்தகங்களில் அப்படித்தான் எழுதியிருந்தது. விஷத்தை முறிக்க என்ன செய்வது? எண்ணெயைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி, காயத்தில் ஊற்ற வேண்டும்!

பாரேயும் அப்படியே ஊற்றினார். ஆனால் டூரின் சண்டையில் காயம் பட்டவர்கள் அதிகம். எண்ணெய் தீர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் முட்டையின் மஞ்சள் கரு, ரோஜா எண்ணெய், டர்ப்பன்டைன் மூன்றையும் குழைத்து, மீதிப் பேருக்குப் பூசினார்.

அன்று இரவு அவருக்குத் தூக்கமே வரவில்லை. எண்ணெய் ஊற்றாதவர்கள் எல்லாரும் விஷம் ஏறிச் செத்துக் கிடப்பார்களோ என்று பயம். விடியுமுன் எழுந்து ஓடினார். பார்த்தால், பச்சைக் களிம்பு பூசியவர்கள் அதிக வலி இல்லாமல் தூங்கியிருந்தார்கள். காயத்தில் வீக்கம் இல்லை. கொதிக்கும் எண்ணெய் பட்டவர்களோ காய்ச்சலில் துடித்துக் கொண்டிருந்தார்கள்.

இனி ஒருபோதும் ஒரு சிப்பாயை இப்படிச் சுடுவதில்லை என்று பாரே அன்று முடிவு செய்தார். 1545-ம் ஆண்டில் இதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். லத்தீன் தெரியாததால், ஊரில் பேசுகிற பிரெஞ்சு மொழியிலேயே எழுதினார். அதுவே நல்லதாகப் போயிற்று. லத்தீன் தெரியாத மற்ற நாவித வைத்தியர்களும் படித்தார்கள்.

அவர் சொன்னதெல்லாம் சரி என்று எண்ணிவிடக் கூடாது. குண்டுக் காயத்துக்குக் கைகண்ட மருந்து வைத்திருந்த ஒரு டூரின் வைத்தியரை இரண்டு வருஷம் தாஜா செய்து, மருந்தின் ரகசியத்தைத் தெரிந்துகொண்டார் பாரே. அது பிறந்த நாய்க்குட்டிகளையும் மண்புழுக்களையும் எண்ணெயில் போட்டுக் காய்ச்சியது! அதையும் அவர் வெகு நாள் நம்பினார்.

நூல் முடிச்சு

கை கால்களை வெட்டி எடுக்கும்போது ரத்தத்தை எப்படி நிறுத்துவது? இது அடுத்த கேள்வி.

பழுக்கக் காய்ச்சிய இரும்பை வெட்டிய இடத்தில் வைத்துத் தீய்ப்பார்கள். வெட்டும்போது மயக்க மருந்து கிடையாது. மயக்க மருந்து வர இன்னும் 300 வருஷம் ஆக வேண்டும். காலை அறுக்கும் வலியைப் பொறுத்தவனும் அந்த இரும்பைப் பார்த்தவுடன் அலறுவான். தீய்த்த சதை சில நாளில் கழன்று விழும். மறுபடி ரத்தம் கொட்டும். மறுபடி இரும்பு. பலர் இதிலேயே முடிந்துபோவார்கள்.

பாரே வேறு வழி யோசித்தார். சாதாரணக் காயத்தில் ரத்தக் குழாயை நூலால் கட்டலாம் என்று பழைய கிரேக்க வைத்தியர்கள் சொல்லியிருந்தார்கள். காலையே எடுக்கும்போதும் அப்படிக் கட்டினால் என்ன? காக்கை மூக்கு போல் வளைந்த ஓர் இடுக்கியைச் செய்துகொண்டார். அதனால் ரத்தக் குழாயின் முனையைப் பிடித்து இழுத்து, நூலால் இறுக்கி முடிச்சுப் போட வேண்டியதுதான்.

1552-ம் ஆண்டில் தான்வில்லே என்ற கோட்டையின் முற்றுகையில் அதைச் செய்து பார்க்கச் சமயம் வாய்த்தது. ரோஹான் பிரபுவின் கூடாரத்துக்குள் பீரங்கிக் குண்டு ஒன்று புகுந்து, அங்கிருந்த ஒரு கனவானின் காலைச் சிதைத்துவிட்டது. தொங்கிக்கொண்டிருந்த காலைப் பாரே வெட்டி எடுத்தார். இரும்பு காய்ச்சவில்லை. நூல்தான்.

கனவான் பிழைத்தார். கட்டைக் கால் ஒன்றைப் பூட்டிக்கொண்டு, சந்தோஷமாக ஊருக்குத் திரும்பினார். சூட்டுக் கோலுக்குத் தப்பியதே லாபம் என்று அவர் சொல்லிக்கொண்டு போனாராம்.

பாரேயின் வாழ்க்கையில் அந்தக் கட்டைக் கால் ஒரு புதுக் கணக்கை ஆரம்பித்து வைத்தது. கால் போனவர்கள் பிழைக்க ஆரம்பித்தால், அவர்கள் எதை ஊன்றி நடப்பது?

சிறையிலும் ஒரு கால்

அந்த வருஷமே அரசர் இரண்டாம் ஹென்றி பாரேயைத் தம் அரண்மனை ரண வைத்தியர்களில் ஒருவராக ஆக்கினார். மெட்ஸ் நகரத்தை எதிரிகள் முற்றுகையிட்டபோது, ஓர் இத்தாலியத் தளபதிக்குப் பணம் கொடுத்து, பாரேயை இரவோடு இரவாக ஊருக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இவர் வந்துவிட்டார் என்று தெரிந்ததும் கோட்டைக்குள் இருந்த பிரபுக்கள் எல்லாரும் கட்டிப் பிடித்து வரவேற்றார்கள்.

அடுத்த வருஷம் எஸ்தேன் கோட்டை விழுந்தது. பாரே கைதியானார். தாம் யாரென்று தெரிந்தால் பெரிய தொகை கேட்பார்கள் என்று, சாதாரண ஆள் போல் வேஷம் போட்டார். கையில் இருக்கிற வேலையை எத்தனை நாள் மறைப்பது? எதிரிப் பிரபு ஒருவருக்குக் காலில் ஆறாத புண் இருந்தது. அதை ஆற்றிக் கொடுத்தார். அதற்குக் கூலியாக விடுதலை கிடைத்தது.

1554-ல் செயின்ட் கோம் சங்கத்தார் அவரைத் தங்களில் ஒருவராகச் சேர்த்துக்கொண்டார்கள். லத்தீனில் பரீட்சை. பாரேயின் லத்தீனைக் கேட்டுச் சபையே சிரித்தது. ஆனாலும் அரசரின் வைத்தியரைத் தோற்கடிக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

அந்த அரசரே 1559-ல் ஒரு வீர விளையாட்டில், கண்ணுக்குள் ஈட்டிச் சிம்பு பாய்ந்து இறந்தார். பாரேயால் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் அரண்மனை அவரை விடவில்லை. இரண்டாம் பிரான்சிஸ், ஒன்பதாம் சார்லஸ், மூன்றாம் ஹென்றி என்று நாலு அரசர்களுக்கு அவரே ரண வைத்தியர்.

குதிரை உதைத்தது

1561-ம் ஆண்டு மே மாதம் 4-ந் தேதி. பாரே இரண்டு வைத்திய நண்பர்களுடன் பாரிசுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குப் புறப்பட்டார். சீன் நதியைப் படகில் தாண்ட வேண்டும். குதிரையைப் படகில் ஏற்ற, ஒரு சிறு குச்சியால் தட்டினார். குதிரை பின்னங்காலால் விட்டது ஓர் உதை!

இடது காலில், கணுக்காலுக்கு நாலு விரல் மேலே, இரண்டு எலும்பும் முறிந்தன. இன்னொரு உதை விழுமோ என்று பாரே பின்னால் நகர்ந்தார். முறிந்த காலில் பாரம் விழுந்தது. எலும்பு சதையைக் கிழித்து, காலுறையையும் பூட்சையும் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

எலும்பு வெளியே வந்த காலை அந்தக் காலத்தில் என்ன செய்வார்கள் என்பது பாரேக்குத் தெரியும். அவரே எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறார். தம் காலையும் எடுக்க வேண்டி வருமோ என்று அவருக்குப் பயம் வந்தது.

படகில் படுக்க வைத்து அக்கரைக்குக் கொண்டு போனார்கள். துடுப்புப் போடும் ஒவ்வொரு அசைவிலும் உயிர் போய் உயிர் வந்தது. கிராமத்தில் மருந்து ஏது? முட்டையின் வெள்ளைக் கரு, கோதுமை மாவு, அடுப்புக் கரி, வெண்ணெய். இதுதான் நாலு அரசர்களின் வைத்தியருக்குக் கிடைத்த முதல் சிகிச்சை.

நண்பர் ரிச்சர்ட் ஹூபேரிடம் பாரே கண்டிப்பாகச் சொன்னார்: சிநேகிதன் என்று பார்க்க வேண்டாம், தெருவில் போகிற யாரோ என்று நினைத்துக்கொண்டு, இரக்கம் காட்டாமல் காலை இழுத்து எலும்பைப் பொருத்த வேண்டும், இடம் போதாவிட்டால் சவரக் கத்தியால் காயத்தை அகலப்படுத்த வேண்டும், எலும்புத் துண்டுகளை விரலாலேயே எடுக்க வேண்டும். அத்தனையும் நடந்தது. பாரே விழித்துக்கொண்டே இருந்தார்.

பிறகு காய்ச்சல். சீழ். ஒரு நாள் தூக்கத்தில் கால் தசைகள் தாமாகவே இழுத்துக்கொண்டதில், பொருத்திய எலும்பு மறுபடி விலகியது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். கடைசியில் கால் கூடியது. நொண்டாமல் நடந்தார்.

படுக்கையில் கிடப்பவனின் காலைப் பற்றி வைத்தியருக்குத் தெரிவது வேறு. படுத்தவனுக்குத் தெரிவது வேறு. பாரேக்கு இரண்டும் தெரிந்துபோயிற்று.

மூன்று கால் மனிதன்

1564-ல் ரண வைத்தியம் பற்றிப் பத்துப் பாகங்கள் கொண்ட புத்தகம் ஒன்றைப் பாரே வெளியிட்டார். நூலால் கட்டும் முறை அதில்தான் விளக்கமாக வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. கையும் காலும் இழந்தவர்களுக்குப் பொய்க்கை, பொய்க்கால். படம் போட்டு, ஒவ்வொரு உறுப்புக்கும் எழுத்துக் குறி கொடுத்து, விளக்கம் எழுதியிருந்தார்.

முதலில் ஏழைகளின் கட்டைக் கால். மேலே ஒரு மெத்தை வைத்த கட்டை. கால் போனவன் முழங்காலை மடித்து, மண்டியிடுவது போல் அந்த மெத்தையில் வைக்க வேண்டும். இரண்டு பக்கமும் தொடையை அணைத்தபடி இரண்டு பலகைகள் மேலே போகும். தோல் வார்களைச் சுற்றி பக்கிள் மாட்டினால் தீர்ந்தது. ஊர்த் தச்சன் செய்யலாம். தேய்ந்துபோனால் அடிக்கட்டையை மட்டும் மாற்றலாம்.

இதில் ஒரு சிக்கல். முழங்காலை மடித்தால், மிச்சக் கால் பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். மிச்சம் நீளமாக இருந்தால் கதவில் இடிக்கும்; கட்டிலில் இடிக்கும். அவனுக்கு இரண்டு கால் இல்லை, மூன்று கால்!

ஆகவே பாதம் மட்டும் அழுகியிருந்தாலும், முழங்காலுக்கு ஐந்து விரல் கீழே வெட்டுவதே நல்லது என்று பாரே எழுதினார். கேட்பவர்களுக்குக் கொடுமையாகத் தோன்றும். நல்ல காலை ஏன் வெட்ட வேண்டும்? இதற்குக் கேப்டன் பிரான்சுவா லெகிளேரின் கதையைச் சொன்னார். கப்பல் சண்டையில் குண்டு பட்டு அவருடைய பாதம் போய்விட்டது. காயம் ஆறியது. ஆனால் மிச்சமிருந்த நீளக் கால் எதற்கும் உதவாத சுமையாகத் தொங்கியது. பொறுத்துப் பார்த்தார். கடைசியில், ஆறிய காலையே மறுபடி வெட்டச் சொல்லி, முழங்காலுக்குக் கீழே ஐந்து விரல் அளவு மட்டும் வைத்துக்கொண்டார். அதன் பிறகு வெகு சுலபமாக நடந்தாராம்.

வெட்டும்போதே, நாளைக்கு இவன் எதை எப்படி மாட்டிக்கொள்வான் என்று யோசிக்க வேண்டும். அதுவரை கத்தி பிடித்தவர்கள் அவ்வளவு தூரம் யோசித்ததாகத் தெரியவில்லை.

பூட்டுக்காரர் செய்த கால்

முழங்காலுக்கு மேலே வெட்டுண்டவன் என்ன செய்வான்? மண்டியிட முழங்காலே இல்லை. அவனுக்காகத்தான் புத்தகத்தில் அந்தப் பிரசித்தி பெற்ற இரும்புக் கால்.

வெளியிலிருந்து பார்த்தால் போர்வீரனின் கவசம் போல் இருக்கும். தொடை, முழங்கால், கெண்டைக்கால், பாதம் எல்லாம் உண்டு. அந்தப் படங்களைத் தந்தவர் பாரிஸ் நகரத்துப் பூட்டுக்காரர் ஒருவர். சின்ன லொரேன்காரர் என்பது அவருடைய பட்டப்பெயர். அவரிடம் மிகவும் கெஞ்சிக் கேட்டு இவற்றைப் பெற்றதாகப் பாரே எழுதியிருக்கிறார். நல்ல மூளைக்காரர் என்று பாராட்டியும் இருக்கிறார். அரசரின் வைத்தியர் ஒரு பூட்டுக்காரரைக் கெஞ்சினார் என்று எழுதிக்கொள்ள, அந்த நாள் டாக்டர்கள் யாருக்காவது மனம் வந்திருக்குமா? சந்தேகம்தான்.

கால் செய்யப் பூட்டுக்காரர் எதற்கு? விஷயமே அதில்தான் இருக்கிறது.

நிற்கும்போது முழங்கால் விறைப்பாக இருக்க வேண்டும். கீல் மட்டும் வைத்தால், பாரம் விழுந்ததும் மடங்கி ஆளைக் கீழே தள்ளிவிடும். கீலே இல்லாமல் ஒரே கம்பியாகச் செய்தால் உட்கார முடியாது. குதிரை ஏற முடியாது. நிற்கும்போது பூட்டிக்கொள்ள வேண்டும். உட்காரும்போது திறக்க வேண்டும்.

அமுக்குப் பூட்டை எல்லாரும் பார்த்திருப்போம். அமுக்கினால் தானே பூட்டிக்கொள்ளும். உள்ளே இருக்கிற வில், தாழைத் தள்ளிப் பள்ளத்தில் உட்கார வைக்கும். திறக்கத்தான் சாவி வேண்டும். இந்தக் காலின் முழங்காலிலும் அப்படி ஒரு தாழும் வில்லும் இருந்தன. காலை நீட்டினால் தாழ் விழுந்து பூட்டிக்கொள்ளும். திறக்கச் சாவிக்குப் பதிலாக ஒரு கயிறு. தாழின் வளையத்தில் கட்டிய அந்தக் கயிறு தொடை வழியாக மேலே வரும். கையால் ஒரு இழுப்பு. தாழ் விலகும். முழங்கால் மடங்கும். ஆள் நாற்காலியில் உட்காருவார்.

தொடையின் முன்புறம் ஒரு சிறு வளையம் உண்டு. அதைப் பிடித்துக் காலை வேண்டிய பக்கம் திருப்பலாம். கை வைத்துத் திரும்ப ஒரு குமிழும் உண்டு.

இதையெல்லாம் உடம்பில் எப்படி மாட்டுவது? மீதித் தொடை, தொடைக் கவசத்துக்குள் போகும். அதன் அடி வரை இடிக்காமல், கடைசியில் இரண்டு விரல் இடம் விட்டிருக்கும். கவசத்தைத் தளர்த்தவும் இறுக்கவும் திருகாணிகள் இருந்தன. தொடை மெலிந்தாலோ பருத்தாலோதான் அவற்றுக்கு வேலை. தினசரி மாட்டுவதற்கு முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்று மூன்று பக்கிள்கள். அவை மேலே போய் இடுப்புச் சட்டையில் பூட்டிக்கொள்ளும்.

அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரர்கள் இறுக்கமான சட்டை போட்டு, அதன் அடியில் காலுறைகளை நாடாவால் கட்டித் தொங்கவிடுவது வழக்கம். பொய்க்காலும் அதே மாதிரி சட்டையிலிருந்து தொங்கியது. இரும்பின் கனத்தை வெட்டுண்ட தொடை மட்டும் சுமக்காமல் உடம்பும் பங்கிட்டுக்கொண்டது. காலையில் எழுந்து உடுப்புப் போடுகிறவன், காலையும் போட்டுக்கொள்ளலாம். திருப்புளி வேண்டாம். கொல்லன் வேண்டாம். கூப்பிட்ட குரலுக்கு ஓடி வர வேலைக்காரன் வேண்டாம்.

சுண்டு விரல் அளவுள்ள அந்தப் பக்கிளையும் கயிற்றையும் பற்றி இவ்வளவு சொல்ல வேண்டுமா என்று தோன்றலாம். பொய்க்கால் போட்டவர்களைக் கேட்டால் தெரியும். மாட்டுவதற்கு அடுத்தவர் கை வேண்டும் என்றால், எப்பேர்ப்பட்ட காலும் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கும்.

இன்று மோட்டாரும் பாட்டரியும் வைத்த கால் சட்டங்கள் வந்துவிட்டன. முதுகெலும்பில் அடிபட்டுக் கால் விளங்காமல் போனவர்களை இவை நிற்க வைக்கின்றன, நடக்க வைக்கின்றன. மோட்டார் எவ்வளவு பலமாக இருந்தாலும், அதைச் சதையில் எப்படிப் பொருத்துவது என்ற பழைய தொந்தரவு அப்படியே இருக்கிறது. தொடை காலையில் ஓர் அளவு, மாலையில் ஓர் அளவு. இறுக்கினால் தோல் உரியும். தளர்த்தினால் சட்டத்தின் முழங்கால் ஒரு பக்கம், மனிதனின் முழங்கால் ஒரு பக்கம் என்று விலகிப்போகும். உணர்ச்சி இல்லாத காலில் புண் வந்தாலும் தெரியாது. வாதம் வந்தவருக்கு விரலும் சரியாகப் பிடிக்காது. ஸ்பானர் எடுத்து மரை முடுக்கு என்றால் அவர் எங்கே போவார்? ஆகவே இழுத்தால் இறுகும் வார், ஒரு விரலால் அமுக்கினால் திறக்கும் பொத்தான், தானே விழும் தாழ் என்று எஞ்சினீயர்கள் மண்டையை உடைத்துக் கொண்டிருக்கிறார்கள். கால் எடுத்த வயதானவர்களில் பலவீனமானவர்களுக்கு, நிற்கும்போது தானே பூட்டிக்கொண்டு, உட்காரும்போது கையால் இழுத்தால் திறக்கும் முழங்காலை இன்றைக்கும் கொடுக்கிறார்கள்.

பாரே இரும்புக் காலோடு நிற்கவில்லை. விரல்களை மடக்க முடிந்த இரும்புக் கை, கோணல் பாதத்துடன் பிறந்த குழந்தைகளை நிமிர்த்தும் பூட்சு, முதுகு வளைந்த பெண்களுக்கு எடை குறையத் துளை போட்ட இரும்பு ரவிக்கை என்று அவருடைய புத்தகத்தில் படம் படமாக வருகிறது. இரும்புக் கால் பணக்காரருக்குத்தான் கட்டும். அதனால்தான் ஏழையின் கட்டைக் காலையும் அவர் விடாமல் படம் போட்டார்.

படித்தவர்களின் கோபம்

1575-ல் பாரே தம் நூல்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பெரிய புத்தகமாக வெளியிட்டார். பாரிஸ் மருத்துவக் கல்லூரியாருக்கு ஆத்திரம் பொங்கியது. நாவிதன் வைத்திய நூல் எழுதுவதா? அதுவும் சமையற்காரிக்குக்கூடப் புரிகிற பிரெஞ்சு மொழியிலா? புத்தகத்தைத் தடுக்க வழக்குப் போட்டார்கள். பலிக்கவில்லை.

அடுத்து, கூர்மெலன் என்ற கல்லூரி டாக்டர் நூல் கட்டும் முறையைத் தாக்கி எழுதினார். பெரியோர்கள் சொன்ன சூட்டுக் கோலை விட்டுவிட்டு நூலால் கட்டுவது அபாயம் என்றார். பாரேக்கு அப்போது வயது 75. 1585-ல் பதில் எழுதினார். தாம் போன யுத்தங்களை ஒவ்வொன்றாக விவரித்து, அறையில் உட்கார்ந்து புத்தகம் படித்தவர் களத்தில் நின்றவருக்குப் பாடம் சொல்ல வருவது என்ன நியாயம் என்று கேட்டார். லாயத்தில் கழுத்தறுத்த கிழவனும், கட்டைக் காலோடு சிரித்துக்கொண்டு ஊர் திரும்பிய கனவானும் நமக்குத் தெரிவது அந்தப் பதிலிலிருந்துதான்.

உண்மையைச் சொன்னால், நூல் முறை எல்லாராலும் செய்யக் கூடியதாக அப்போது இருக்கவில்லை. தொடை போன்ற இடத்தில் பல குழாய்களைக் கட்டி முடிப்பதற்குள் நோயாளி ரத்தம் கொட்டிச் செத்துப்போவான். ரத்த ஓட்டத்தை முறுக்கி நிறுத்தும் பட்டைகள் வந்த பிறகுதான் அது பரவியது. சூட்டுக் கோல் இன்னும் பல காலம் அடுப்பில் கிடந்தது.

பாலத்தில் ஒரு கிழவர்

1590-ம் ஆண்டு. பாரிஸ் நகரத்தை நாலாம் ஹென்றியின் சேனை முற்றுகையிட்டது. நகரத்தின் உள்ளே பசி. நாய், பூனை, எலி எதையும் ஜனங்கள் விடவில்லை.

ஒரு நாள் செயின்ட் மிஷேல் பாலத்துக்குப் பக்கம் லியோன் நகரத்துப் பெரிய பாதிரியார் வந்தார். நகரத்தைப் பணிய விடாமல் வைத்திருந்த தலைவர்களில் அவரும் ஒருவர். ஜனங்கள் ரொட்டி கேட்டு அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அப்போது 80 வயதுக் கிழவர் ஒருவர் கூட்டத்தில் முன்னால் வந்து, உரத்த குரலில் அவரை மறித்தார். இந்த ஏழைகள் பசியால் சாகிறார்கள். இவர்களுக்குச் சமாதானத்தை வாங்கிக் கொடுங்கள். இல்லாவிட்டால் கடவுள் உங்களிடம் கணக்குக் கேட்பார் என்று மன்றாடினார். அந்தக் கிழவர் பாரே. அப்படிப் பேசினால் தலை போகும் காலம் அது. யாரும் அவர் மேல் கை வைக்கவில்லை.

முற்றுகை அந்த ஆண்டிலேயே விலகியது. டிசம்பர் 20-ந் தேதி பாரே தம் வீட்டில் காலமானார். பக்கத்தில் இருந்த செயின்ட் ஆந்த்ரே மாதா கோயிலில் அடக்கம் செய்தார்கள். அந்தக் கோயிலைப் பிற்காலத்தில் இடித்துவிட்டார்கள். அது இருந்த இடம் இப்போது ஒரு சிறு சதுக்கம். பிறந்த ஊரான லவாலில் 1840-ம் ஆண்டில் அவருக்கு ஒரு வெண்கலச் சிலை வைத்தார்கள்.